ஆயிரம் பாட்டுக்கு ஒன்று

எங்கள் பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். அவன் பெருமை சொல்லும் வடமொழிக் கல்வெட்டு இன்றும் அங்கே உண்டு. பொருள் கொடுத்தவர் பெயர் நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம்.

எழுத்துக்கும் அதுதான் கணக்கு. நம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல்தான் கம்பரை ஆதரித்தவர். நன்றிக்காக நூறு பாட்டுக்கு ஒருமுறை வள்ளலைப் பாடக் கம்பர் நினைத்தாராம். அவையோரோ, ஆயிரத்துக்கு ஒன்று போதும் என்றார்களாம். செவிவழிக் கதைதான், ஆனாலும் நல்ல கணக்கு.

அச்சுக் காலத்தில் வள்ளலின் இடத்துக்கு விளம்பரதாரர் வந்தார். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழில் தெரிந்தவர். பத்திரிகையின் விலையைக் குறைவாக வைத்துக்கொள்ள விளம்பரக் காசு கைகொடுக்கும் என்பது அத்தொழிலின் பாலபாடம்.

இப்போது இணையம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2003-இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு வாசல் திறந்தது 2018 பிப்ரவரியில்தான். படிப்பவர் சந்தா கட்ட வேண்டாம். விளம்பர வருவாயில் ஒரு பங்கு எழுதியவருக்கு. ஆனால் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு அது சேர நாளாகும். சினிமாச் செய்திக்குத் தாவிவிடலாமா என்று மனம் அலையும்.

வாசகர் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுக்கிறார். அவர் தன் பெயரைக் கேட்கிறார். கேட்கட்டும், தப்பில்லை. பத்திக்குப் பத்தி விளம்பரம் குறுக்கே வந்தால் மட்டும் படிப்பவர் எழுந்து போய்விடுவார். எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். கம்பருக்கு அவையோர் சொன்ன அளவு இன்றைக்கும் பொருந்தும் என்பேன்.