மதுரை – சென்னை வான்வழித் தொலைவு

மதுரை வானூர்தி நிலையத்திற்கும் சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 416 கிலோமீட்டர் (225 கடல் மைல்) ஆகும். இவ்வழியில் இடைநில்லாமல் செல்லும் வானூர்திகளின் கால அட்டவணைப்படியான பயண நேரம் பொதுவாக ஒன்றேகால் மணி அளவினதாகும்.

நிலையங்கள்

மதுரை வானூர்தி நிலையம், மதுரை தொடருந்துச் சந்திப்பிற்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிமீ தொலைவில், அவனியாபுரத்தை அடுத்து அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பிரித்தானிய வான்படை இதனைப் பயன்படுத்தியது. இதன் புதிய முனையம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சென்னை நிலையம் மீனம்பாக்கம், திரிசூலம் பகுதிகளில் அமைந்துள்ளது.

தொலைவைக் கணக்கிடல்

மதுரை நிலையம் 9°50′ வடக்கு, 78°05′ கிழக்கிலும், சென்னை நிலையம் 12°59′ வடக்கு, 80°10′ கிழக்கிலும் உள்ளன. அகலாங்கு வேறுபாடு 3°09′. நெட்டாங்கு வேறுபாடு 2°05′. இப்பகுதியில் ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 110.6 கிமீ, ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 109 கிமீ. எனவே சென்னை, மதுரைக்கு வடக்கே 348 கிமீ, கிழக்கே 227 கிமீ தள்ளி உள்ளது. பித்தாகரசு தேற்றத்தின்படி இவற்றின் கர்ணம் ஏறத்தாழ 416 கிமீ ஆகும். இத்தகைய குறுந்தொலைவுகளில் புவியின் வளைவால் ஏற்படும் பிழை மிகச் சிறியது.

பயண நேரம்

மணிக்கு 830 கிமீ வேகத்தில் பறக்கும் தாரை வானூர்தி 416 கிமீ தொலைவை 30 நிமிடத்தில் கடக்க வேண்டும். மணிக்கு 500 கிமீ வேகமுடைய ஏடிஆர் வகைச் சுழலி வானூர்திக்கு 50 நிமிடம் போதும். ஆயினும் அட்டவணை நேரம் இதைவிடக் கூடுதலாக இருப்பதற்குப் பின்வருவன காரணங்களாகும்.

* அட்டவணை நேரம், நிறுத்துமிடத்தில் நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிற்பது வரை கணக்கிடப்படுகிறது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் இதில் அடங்கும்.
* ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிட்டுவதில்லை. குறுகிய பயணத்தில் பெரும்பகுதி இவற்றிலேயே கழிகிறது.
* வானூர்திகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே ஏறி இறங்கும். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக உள்ளது. மேற்குக் காற்று வீசும்போது மேற்கு நோக்கி எழும் வானூர்தி, பின்னர் திரும்பியே சென்னைத் திசையைப் பிடிக்கிறது. சென்னையிலும் அப்போது நிலையத்தைக் கடந்து கிழக்கே சென்று, கடற்புறத்திலிருந்து திரும்பி வந்து இறங்க நேரும்.

தரைவழியுடன் ஒப்பீடு

சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 460 கிமீ. தொடருந்து வழித் தொலைவு ஏறத்தாழ 495 கிமீ. 2019 மார்ச்சு 1 அன்று தொடங்கப்பட்ட தேஜஸ் விரைவுவண்டி, ஆறரை மணி நேரப் பயணமாக அறிமுகப்படுத்தப்பட்டது. வானூர்திப் பயணிகள் இரண்டு மணி நேரம் முன்னதாக வருமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். அதனுடன் இரு நகரங்களிலும் நிலையத்திற்குச் சென்றுவரும் நேரத்தையும் சேர்த்தால், மொத்தப் பயணம் நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். ஆகவே வானூர்தியால் மிச்சமாவது, அட்டவணையில் தோன்றுவது போல் ஐந்து மணி நேரம் அன்று; ஏறத்தாழ இரண்டு மணி நேரமே.

கொழும்புடன் ஒப்பீடு

மதுரையிலிருந்து கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் உள்ள பண்டாரநாயக்க பன்னாட்டு வானூர்தி நிலையம் ஏறத்தாழ 354 கிமீ தொலைவிலேயே உள்ளது. அதாவது, வான்வழியில் மதுரைக்குத் தன் மாநிலத் தலைநகரை விடக் கொழும்பு அண்மையில் உள்ளது. மதுரையின் முதல் பன்னாட்டு வானூர்திச் சேவையும் 2012 செப்டம்பரில் கொழும்புக்கே தொடங்கியது.