ஊவாத் தோட்டத் தம்பதியரும் கதிர்காம யாத்திரையும்

1810 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் நாள், ஜேர்மனியின் மியூனிக் நகரிலே பவேரிய இளவரசன் லூட்விக்குக்கும் தெரேசா என்னும் அரசிளங்குமரிக்கும் திருமணம் நடைபெற்றது. அதனையொட்டி ஊர்ப்புற வெளியில் குதிரைப் பந்தயம் நிகழ்ந்தது. அவ்வெளி இன்றும் மணமகளின் பெயரையே தாங்கியுள்ளது. பியரால் இன்று உலகப் புகழ்பெற்ற அவ்விழாவின் தொடக்கம் ஒரு திருமணமே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அவ்விழாவுக்குக் கணவனும் மனைவியுமாகப் புறப்பட விரும்பும் இருவர்க்குப் பணமும் ஓய்வும் இருந்தாற் போதும். ஆனால், இருவர் சேர்ந்து விழாவுக்குச் செல்லுதல் என்னும் இச்சிறு செயல் எல்லா மக்களுக்கும் எக்காலத்தும் அவ்வாறு எளிதாக வாய்த்ததன்று. பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குச் சான்று.

ஊவாத் தோட்ட மக்களின் பெருவிழாப் பயணம் கதிர்காம யாத்திரையே. இதுவும் ஒரு தம்பதியரின் விழாவாகும். ஆடி மாத இரவுகளில் கதிர்காமக் கந்தனின் பேழை யானைமீது ஏறி, வள்ளியம்மன் கோயிலுக்குச் சென்று மீளும். தேவயானைக்கு அங்கே தனிக்கோயில் இருந்தும் ஊர்வலம் வள்ளியை நாடியே செல்கிறது. மாணிக்க கங்கையில் நீர்வெட்டுடன் விழா நிறைவுறும். மலைச்சாரலில் தினைப்புனம் காத்த பெண்ணின் வாயிலுக்கு இறைவனே தேடிச் செல்லும் இக்காட்சி, மலைச்சாரலிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்நியமாயிருக்க நியாயமில்லை.

பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். புத்தலவுக்கு அப்பால் அடர்காடு. எனினும் காட்டைக் கடப்பதிலும் தோட்ட எல்லையைக் கடப்பதே கடினமாயிருந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். பெரியகங்காணியின் கணக்கில் தொழிலாளியின் கடன் ஏறியிருந்தது. அக்கடன் தீராமல், அதற்குரிய 'துண்டு' இன்றி, அவன் வேறு தோட்டம் புகல் இயலாது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கணவன் மட்டும் விடுப்பிற் சென்றால், மனைவி மக்கள் லயத்திற் பிணைபோல் எஞ்சியிருப்பர்; அவன் மீள்வான் என்ற உறுதி துரைக்கு உண்டு. இருவரும் ஒருங்கே மூட்டை கட்டினாலோ, யாத்திரைக்கும் ஓட்டத்துக்கும் வேறுபாடு காண்பது எங்ஙனம்? தம்பதியராய்ச் செல்வது தனித்துச் செல்வதினும் ஐயத்துக்குரியதாயிற்று என்பதே இவற்றிலிருந்து பெறப்படுவது.

காலமும் இவர்களுக்கு இடையூறாகவே அமைந்தது. யூலை முதல் செப்தெம்பர் வரை ஊவா மலைகளில் வரண்ட காற்று வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த மணம் அப்பருவத்துக் கொழுந்திலேதான் உண்டு. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆகவே ஆடியில் ஆணுக்கு விடுப்புக் கொடுப்பதினும் பெண்ணுக்குக் கொடுப்பதிலேயே தோட்ட நிருவாகம் தயக்கம் காட்டியிருக்கும் என ஊகிக்கலாம். முருகனுக்குரிய மாதமே தேயிலைக்கும் உரிய மாதமாகிவிட்டது!

இவ்விடத்தில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் நினைக்கத்தக்கவர். முருக வழிபாடு பற்றியும் கதிர்காமம் பற்றியும் அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, அவர் மறைந்த 1924 ஆம் ஆண்டில் அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆய்வாளர் அதனைச் சமய வரலாற்றுக்காகப் படிக்கின்றனர். அதே அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் சிறைத் தண்டனைச் சட்டங்களை எதிர்த்தவர் என்பதை அக்கட்டுரையுடன் சேர்த்து எண்ணுவோர் சிலரே. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் 1920களின் தொடக்கத்தில் நீங்கின. கதிர்காமத்தின் பெருமையை எழுதியவரே, கதிர்காமம் செல்ல விழைவோரின் காற்றளையை அறுப்பதிலும் பங்குகொண்டார். இது தற்செயலாயினும் பொருத்தமுடையது.

பதுளைக்குப் புகையிரதம் 1924 இல் வந்தது. பின்னர் பேருந்துகள் வந்தன. பசறை, நமுனுகுலை, பூனாகலைத் தோட்டங்களிலிருந்து பல நாள் நடந்து சென்ற வழியை ஒரு பகலிற் கடக்கலாயிற்று. மியூனிக்கில் விழாவின் அடையாளமே குடியாகிவிட்டது. கதிர்காமம் செல்வோரோ மதுவும் புலாலும் நீக்கி விரதம் பூண்டனர். சம்பள நாளின் சாராயக் கடையை நன்கறிந்த மனைவிக்கு, யாத்திரையின் வரங்களுள் கணவனின் அவ்விரதமும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

சட்டத் தடை நீங்கியபின் வேறு தடைகள் எழுந்தன. 1983 யூலையில் பதுளை நகரில் தமிழர் உடைமைகள் எரியூட்டப்பட்டபின், இருவர் சேர்ந்து வெளியூர் புறப்படுவதற்கு அச்சமே தடையாயிற்று. கூலியும் ஒரு தடைதான். நாட்கூலியில் வாழ்வோர்க்குப் பயண நாள் கூலியற்ற நாள். 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியினும் குறைந்திருந்தது. ஆகவே அவள் உடன் செல்வதால் ஏற்படும் இழப்பும் கணக்கிற் சிறிதாகவே தெரிந்தது. அவ்வாண்டு கூலி சமமாக்கப்பட்டது. அதன்பின் மாணிக்க கங்கைக் கரையில் இருவரும் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் செக்றோலில் இரண்டு முழுப்பெயர் குறைந்தது.