கணக்குக் கேட்ட அருணா ராய்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் விவசாயக் கூலிகளுக்கு அரசின் நிவாரண வேலைதான் கஞ்சி ஊற்றும். அந்த வேலையின் வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர் ஏறினால் என்ன செய்வது? இதே போன்ற வறண்ட பூமியான ராஜஸ்தானில் இதற்கு வழி கண்டவர் அருணா ராய்.

1946-ல் சென்னையில் பிறந்த இவர் 1968-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே அதை உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனார். 1990-ல் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் சேர்ந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

குறைந்தபட்சக் கூலி கேட்ட மக்களிடம், பதிவேட்டில் வேலை குறைவாக இருக்கிறது என்றனர் அதிகாரிகள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால், அது அரசு ரகசியமாம்!

1994 டிசம்பரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. ஊர் நடுவே கணக்கு வாசிக்கப்பட்டது. வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெட்டவெளிச்சமானது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதே முழக்கம்.

1997-ல் தமிழ்நாடும், 2005-ல் நாடாளுமன்றமும் தகவல் உரிமைச் சட்டம் இயற்றின. 2008-ல் நூறு நாள் வேலை விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தபோது, திருச்சுழிக் கண்மாயில் மண் சுமந்த பெண்ணும் பத்து ரூபாய் கட்டிப் பதிவேட்டைக் கேட்க முடிந்தது. ரகசியம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப எவருக்கும் அதிகாரம் இல்லை. அருணா ராயின் உண்மையான வெற்றி இதுதான்.