நேர்ப்படுத்தப்பட்ட வாய்

அக்கா மகளுக்கு வயசு பன்னிரண்டு. மேல்வரிசை கொஞ்சம் எடுப்பு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பல் டாக்டர் சீட்டில் 'கிளாஸ் டூ' என்று எழுதினார். நாலு பல்லைப் பிடுங்கிவிட்டு க்ளிப் போடணும், இரண்டு வருஷம் ஆகும் என்றார். அக்காவுக்கு இப்போதே கல்யாணக் கவலை. எனக்கோ அந்தக் 'கிளாஸ் டூ' உறுத்திக்கொண்டே இருந்தது. யார் பிரித்த வகுப்பு அது?

துளையிட்ட உலோகத் தகட்டைப் பல்வரிசையோடு நூலால் கட்டி நேராக்கும் முறையை 1728இல் பாரிஸில் வெளியான தன் நூலில் விவரித்தார் பியர் ஃபோஷார். 1741இல் அதே பாரிஸில் நிக்கோலா ஆந்ரி என்ற மருத்துவரின் 'ஆர்த்தோபீதி' வெளிவந்தது. கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேர். குழந்தைகளின் உடற்கோணல்களைத் தடுக்கவும் திருத்தவுமான கலை என்று ஆந்ரி அதற்கு விளக்கம் தந்தார். அந்நூலில் ஒரு படம்: கோணலாக வளரும் இளமரம், நேரான கழி ஒன்றோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. ஃபூக்கோ 1975இல் தன் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் இந்தப் படத்தை எடுத்துப் போட்டார். பள்ளி, ராணுவம், சிறை என்று உடலை நேர்ப்படுத்தும் அதிகாரம் பற்றிய நூல் அது. பல்கம்பியை அந்தக் கயிற்றின் வாரிசு எனலாம்.

வகுப்புகளை எழுதியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899இல், மேல், கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் பொருந்தும் விதத்தை வைத்துக் கோணல்களை மூன்றாகப் பிரித்தார். அடுத்த வருஷமே செயின்ட் லூயிஸில் இதற்கென ஒரு பள்ளி தொடங்கினார். முதலில் 'இயல்பு' வரையறுக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் கோணல் பிறக்கிறது. ஆங்கிளுக்கு லட்சிய முகம் வத்திக்கானில் உள்ள அப்பல்லோ சிலை. அந்தப் பளிங்கு முகத்தில் பல்லே தெரியாது! ஒரே முகம் எல்லாருக்கும் அளவாகாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் எட்மண்ட் வூர்ப்பெல் என்ற ஓவிய ஆசிரியர்.

பிறகு ஆங்கிள் பல்லையே அளவாகப் பிடித்துக்கொண்டார். எல்லாப் பல்லும் இருந்து சரியாகப் பொருந்தினால் முகம் தானே அமையும், எதையும் பிடுங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. 1911இல் கால்வின் கேஸ் இதை எதிர்த்து வாதாடினார், எடுபடவில்லை. 1930இல் ஆங்கிள் இறந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், பிடுங்காமல் வைத்தியம் செய்த தன் நோயாளிகளுக்கே நாலு முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்கி மறுபடி வைத்தியம் செய்து, 1940இல் காட்சிக்கு வைத்தார். இன்னொரு மாணவர், ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக், அங்குள்ள பழங்குடியினரின் தேய்ந்த பற்களை ஆராய்ந்தார். நம் மெதுவான சாப்பாட்டில் பல் தேய்வதில்லை, அதனால் இடம் போதவில்லை, பிடுங்குவதே இயற்கைக்கு ஈடு என்றார். ஒருவருக்கு இயற்கை பிடுங்காதே என்றது. மற்றவருக்கு அதே இயற்கை பிடுங்கு என்றது. நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பிடுங்குவது மறுபடியும் குறைந்தது. இடையில் திறந்து காட்டியவை குழந்தைகளின் வாய்கள்.

இதனால் நம் பழைய வாய் சுதந்திரமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. தெத்துப்பல் சிரிப்பை அழகு என்கிற நாம்தான் எடுப்புப்பல்லைத் 'தேங்காய்த் துருவி' என்கிறோம். ஆங்கிள் வருவதற்கு முன்பே நம்மிடமும் வகுப்புகள் உண்டு. அவை சீட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கென்ன மாமா, மீசை வச்சு மறைச்சுக்கிட்டீங்க" என்றாள். உண்மைதான். எனக்கும் அதே பல். அவளுக்கு மறைக்கக் கை மட்டும்தான் இருக்கிறது. ஃபூக்கோவைப் படித்தவன் சுலபமாக 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்குபவள் அவள்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்டோம்: இது மெல்லுவதற்கா, சிரிப்பதற்கா? மெல்லுவதில் குறையில்லை, ஆனால் கீழே விழுந்தால் எடுப்பான முன்பல் உடைய வாய்ப்பு அதிகம் என்றார். நியாயமான காரணம். பிடுங்காமல் முடியுமா என்று கேட்டதும், பார்க்கலாம் என்று மறுபடி அளவெடுத்தார். அவளிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். காத்திருக்கிறோம்.