ஏரியில் எழுந்த தியாகராய நகர்

சென்னையின் பழம்பகுதிகளுட் சில, கோயிலைச் சூழ்ந்து வளர்ந்தவை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் திருக்கோயிலும் திருக்குளமும் நடுநாயகமாக விளங்க, மாட வீதிகள் நான்கும் அவற்றை அணைத்து நிற்கின்றன. திருவல்லிக்கேணியும் பார்த்தசாரதிப் பெருமாள் சந்நிதியைச் சார்ந்தே ஊராயிற்று. தியாகராய நகரோ அம்மரபில் வந்ததன்று. அதன் நடுவே அமைந்தது கோயில் அன்று, பூங்கா. குடும்பங்கள் வாழ்வதற்கென்றே வரைபடம் வரைந்து ஆக்கிய இந்நகரில் குடியேறினோர் யாவர், அவர்தம் வாழ்வு எத்தகையது, அவர்கள் அமைத்த ஊர் பின்னர் யாதாயிற்று என்பது அறியத்தக்க வரலாறு.

இன்று நகர் இருக்குமிடத்தில் ஒரு காலத்தில் இருந்தது நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றாக இணைந்து, மவுண்ட் ரோடுக்கு மேற்கே பிறைபோல் வளைந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்தன. 'லாங் டாங்க்' எனும் நெட்டேரி அதுவே. 1920ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. மக்கள் பெருகி இடம் நெருங்கிய நிலையில், அப்பத்தாண்டிலேயே ஏரியின் பெரும்பகுதி வற்றடிக்கப்பட்டு மனைகளாயிற்று. ஏரி போனதை எண்ணி அந்நாளில் வருந்தினோர் சிலரே போலும். வீடு கிடைத்ததை எண்ணி மகிழ்ந்தோர் பலர்.

புதிய நகருக்கு 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் சூட்டப்பெற்றது. சென்னை மாநகராட்சித் தலைவராக விளங்கியவர்; நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவர். வீதிப் பெயர்களும் அக்கட்சியின் வரலாற்றையே சொல்லும். டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா, சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த பாண்டி பஜார் ஆகியன அதற்குச் சான்று. நடுப்பூங்காவோ பனகல் அரசர் பெயரைத் தாங்கியது. அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் இந்து அறநிலையச் சட்டம் இயற்றப்பட்டது. கோயிலை நடுவில் வையாத ஊரின் நடுவிடம், கோயில் நிருவாகத்தையே மாற்றியமைத்தவர் பெயரால் வழங்கியது வியப்பன்றோ!

குடியேறினோரைப் பார்ப்போம். வழக்கறிஞர், மருத்துவர், அரசு அலுவலர், ஓய்வுபெற்ற அதிகாரி, வணிகர் எனக் கற்றோரும் பொருளுடையோருமே முதலில் வந்தனர். சாதியாலும் மொழியாலும் ஒருவகையினர் அல்லர். தமிழரோடு தெலுங்கு பேசுவோரும் கலந்திருந்தனர். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கவே, மாம்பலத்தில் ஏறியவர் கோட்டைக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் எளிதில் சென்று மாலையில் வீடு திரும்பலாயிற்று. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் படநிலையங்கள் பெருகியபின் திரைக்கலைஞர்களும் இங்கே மனை வாங்கினர். நடிகர் சிவாஜி கணேசனின் இல்லம் தெற்கு போக் சாலையில் எழுந்தது. பசுலுல்லா சாலையில் இராஜாஜியும், திருமலைப் பிள்ளை சாலையில் காமராசரும் வாழ்ந்தனர். அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் நாள்தோறும் நடந்துபோகும் தொலைவில் வசித்தது இந்நகரின் இயல்பைக் காட்டும்.

வாழ்க்கைமுறையும் மாறியது. அக்கிரகாரத்து வீடு அடுத்த வீட்டோடு சுவரைப் பங்கிட்டு நிற்கும். வழிப்போக்கனுக்கும் அதன் திண்ணையில் இடம் உண்டு. இந்நகரின் வீடோ தனி வீடு: சுற்றிலும் மதில், முன்னே இரும்புக் கதவு, மாமரமும் தென்னையும் உள்ள தோட்டம், கார் நிற்கக் கொட்டகை. திண்ணை மறைந்து வராந்தா வந்தது. அழைத்தவரே உள்ளே வரலாம் என்பது அதன் பொருள். கணவன், மனைவி, மக்கள், உடன் முதிய பெற்றோர் என்ற அளவான குடும்பத்துக்கு அது ஏற்றதாயிருந்தது; அயலாரைக் காணும் வாய்ப்போ குறைந்தது. அக்குறையைப் பூங்காவும் பள்ளியும் சபையும் நிரப்பின. இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளும் சாரதா வித்தியாலயமும் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தன. தியாக பிரம்ம கான சபையும் அதன் வாணி மகாலும், பின்னர்க் கிருஷ்ண கான சபையும் பெரியோரை மாலைதோறும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தின.

கோயிலும் பின்தங்கிவிடவில்லை. இருப்புப்பாதைக்கு மேற்கே பழைய மாம்பலத்தில் கோதண்டராமரும் காசி விசுவநாதரும் முன்னரே எழுந்தருளியிருந்தனர். நகருக்குள் சிவா விஷ்ணு ஆலயமும் அகத்தியர் கோயிலும் மக்கள் நெஞ்சில் இடம்பெற்றன. அரசாங்கத்தின் வரைபடம் பூங்காவைத் தந்தது. வழிபாட்டிடங்களைத் தேடியவர்கள் குடியிருந்தோரே.

ஆயினும் குடும்பங்களுக்கென்று ஆக்கிய நகரைக் குடும்பங்களின் தேவையே மாற்றிற்று. பட்டும் பொன்னும் பாத்திரமும் அருகில் கிடைக்க வேண்டுமென்று கடைகளை வரவேற்றனர். அக்கடைகளை நாடித் தமிழகம் முழுவதும் வந்தது. உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும் தோள் இடியாமல் நடக்கவொண்ணாத அங்காடிகளாயின. நிலத்தின் விலை ஏற ஏற, பாகம் பிரித்துக்கொண்ட மக்கள் தனி வீடுகளை விற்றனர். அவ்விடங்களில் அடுக்ககங்களும் வணிக மாளிகைகளும் எழுந்தன. மாமரம் நின்ற இடம் வண்டி நிறுத்துமிடமாயிற்று. 2019இல் பாண்டி பஜாரில் நடப்போருக்கென அகன்ற நடைபாதை அமைந்தபோது, அதில் நடந்தவர் பெரும்பாலும் அவ்வூரார் அல்லர். பொருள் வாங்க வந்தவர்கள்.

2015ஆம் ஆண்டு திசம்பரில் பெருமழை பெய்து சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் தெருக்கள் நீரில் நின்றன. தரைத்தளத்தில் இருந்தோர் பண்டங்களை மாடிக்குச் சுமந்தனர். மேற்கு மாம்பலத்தில் 'ஏரி தெரியும் சாலை' எனப் பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் அப்பெயரோடுதான் இருக்கிறது.