தொகுத்தவரும் தொலைந்த படமும்

போளூரிலிருந்து தெற்கே பேருந்தேறினால் திருவண்ணாமலை. ஏ. கே. செட்டியார் பள்ளிக்கல்வி பெற்ற ஊர் அது. கோட்டையூரில் 1911இல் பிறந்த அவரைப் பயண நூலாசிரியராகவே நம்மில் பலரும் அறிவோம். அவர் ஒளிப்படக் கலைஞர், ஆவணப்பட முன்னோடி, இதழாசிரியர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் ஆற்றிய பணியின் முழு உரு தெரியும்.

டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர் அவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. அதற்காக நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த படச்சுருள்களில் 50,000 அடி திரட்டி, 12,000 அடியாகச் சுருக்கினார். பலர் நூற்ற இழைகளைப் பாவும் ஊடையுமாக இணைத்த நெசவு என்று அதைச் சொல்லலாம். 1940 ஆகஸ்டில் படம் தமிழில் வெளிவந்தது.

இதே தொகுப்பு மனம்தான் அவருடைய எழுத்திலும் இயங்கியது. 'கரிபியன் கடலும் கயானாவும்' என்ற நூலின் தலைப்பே அவர் பார்வை சென்ற தொலைவைக் காட்டும். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் நிலப்பகுதி அது. 1943இல் அவர் தொடங்கிய 'குமரி மலர்', மறந்துபோன பழைய எழுத்துகளைத் தேடி மறுபதிப்புச் செய்தது. தம்மைப் பற்றி மிகக் குறைவாகவும், கண்டதைப் பற்றி நிறைவாகவும் எழுதியவர் அவர்.

ஆயினும், பிறர் எழுதியதைக் காத்தவரின் படத்தைக் காப்பார் இல்லை. அவர் 1983இல் மறைந்தார். தமிழ்ப்படம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. 1950களில் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவத்தின் சுருக்கத்தை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஆ. இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார். தமிழர் ஒருவர் தமிழுக்காகச் செய்த படத்தை இன்று ஆங்கிலத்தில்தான் நாம் பார்க்க இயலும்.

இந்த இழப்பைப் படச்சுருளின் விதி என்று நாம் கடந்துவிட இயலாது. ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறிகளின் மேல் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் ஆவணங்களே. ஒவ்வொரு கட்டும் ஒரு கரை வடிவின் நினைவு. வடிவம் வழக்கொழிந்தால் அட்டை பழைய காகிதமாகிவிடும். இன்று நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி உண்டு. எடுப்பது எளிதாயிற்று. எடுத்ததை யார், எங்கே, எத்தனை படிகளாக வைத்திருப்பது என்பதே செட்டியாரின் வாழ்வு நம்மிடம் விட்டுச்சென்றிருக்கும் கேள்வி.