கணினி உறைதலும் மென்பொருள் இற்றைப்படுத்தலும்: ஒரு வரலாறு

கணினி உறைதல் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் கணினி விசைப்பலகைக்கோ சுட்டிக்கோ எந்த மறுமொழியும் தராமல் நின்றுவிடும் நிலை ஆகும். பேச்சு வழக்கில் இதனை 'ஹேங் ஆகிவிட்டது' என்பர். மென்பொருளில் உள்ள பிழைகளைக் களைந்து புதிய கோப்புகளை நிறுவுவது இற்றைப்படுத்தல், அதாவது 'அப்டேட்'. உறைதலுக்கு மருந்தாகவே இற்றைப்படுத்தல் தோன்றியது. ஆனால் அந்த மருந்தே நோயான நிகழ்வுகளும் கணினி வரலாற்றில் உண்டு. 2024 சூலை 19 அன்று சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச்சீட்டுகள் வழங்கப்பட்டது அத்தகைய ஒரு நிகழ்வின் விளைவே.

தொடக்க காலம்

1981 இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினி வெளிவந்தது. அதனை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவரான டேவிட் பிராட்லி, உறைந்த கணினியை மின்சாரத்தை நிறுத்தாமலே மீண்டும் தொடங்குவதற்காக கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளின் சேர்க்கையை அமைத்தார். உருவாக்குநர்களின் வசதிக்காக அமைக்கப்பட்ட அந்தச் சேர்க்கை, பின்னாளில் உலகெங்கும் பயனர்கள் முதலில் கற்றுக்கொண்ட கணினி வைத்தியமாயிற்று.

விண்டோஸ் 3.1 போன்ற பழைய முறைமைகளில் நிரல்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து இயங்க வேண்டியிருந்தது. ஒரு நிரல் தன் முறையை முடித்து அடுத்ததற்கு வழிவிடவில்லை என்றால் முழுக் கணினியும் நின்றுவிடும். 1993 இல் வந்த விண்டோஸ் என்டி இந்த நிலையை மாற்றியது. எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் என்பதை இயங்குதளமே முடிவு செய்தது. ஒரு நிரலின் நினைவகப் பகுதிக்குள் மற்றொன்று நுழைவதும் தடுக்கப்பட்டது. இந்த வழியில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளியானபோது, வீட்டுக் கணினிகளும் இந்தப் பாதுகாப்பைப் பெற்றன.

இடைப்பட்ட விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் இருந்த ஒரு பிழை இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. கணினி தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை மில்லி நொடிகளில் எண்ணும் ஓர் எண்ணி அதில் இருந்தது. அது 32 இருமங்களால் ஆனது. எனவே 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் வரைதான் எண்ண முடியும். அது 49.7 நாட்களுக்குச் சமம். அந்நேரம் முடிந்து எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பும்போது கணினி உறைந்துவிடும். 1995 இல் வெளிவந்த இயங்குதளத்தின் இந்தப் பிழை 1999 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அத்தனை நாள் நிறுத்தாமல் அக்கணினிகளை ஓட்டியவர்கள் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம்.

இற்றைப்படுத்தல் வழக்கமானது

தொடக்கத்தில் திருத்தங்கள் நெகிழ்வட்டுகளிலும் பின்னர் குறுந்தகடுகளிலும் வந்தன. விண்டோஸ் 98 உடன் இணையவழி இற்றைப்படுத்தல் அறிமுகமானது. 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் வழக்கமாக்கியது. நிறுவனங்களின் கணினிப் பிரிவினர் முன்கூட்டியே திட்டமிட்டுச் சோதித்துப் பார்க்க இந்த முறை உதவியது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் கணினிப் பயன்பாடு பரவியதில் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிப் பொருத்திய மேசைக்கணினிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. உரிமம் இல்லாத விண்டோஸ் படிகள் அக்காலத்தில் பரவலாக இருந்தன. உரிமம் இல்லாததால் இற்றைப்படுத்தலை அணைத்து வைப்பது பலருக்கு வழக்கமாயிற்று. பென்டிரைவ் மூலம் நச்சுநிரல் வருவதும், கணினி மெதுவாகி உறைவதும், கடைக்காரர் 'ஃபார்மட்' செய்து தருவதும் ஒரு சுழற்சியாக நடந்தன.

தமிழ் எழுத்துருக்களும் இதில் ஒரு காரணி. யூனிகோடு முறையில் தமிழைக் காட்டும் வசதி விண்டோஸ் 2000 இல் லதா எழுத்துருவுடன் வந்தது. அதற்கு முன்பே அச்சகங்களும் தட்டச்சு மையங்களும் தத்தமக்கான குறியேற்ற முறைகளில் வேலை செய்து பழகியிருந்தன. புதிய இயங்குதளத்துக்கு மாறினால் பழைய விசைப்பலகை மென்பொருள் ஓடுமா, பழைய கோப்புகள் திறக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அது வீண் அச்சம் அன்று. 64 இரும விண்டோஸ் பதிப்புகளில் பழைய 16 இரும நிரல்கள் இயங்குவதில்லை. கரையான்சாவடி, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் போன்ற புறநகர்களின் சிறு தட்டச்சு மையங்களுக்கு இயங்குதளத்தை மாற்றுவது என்றால் தொழிற்கருவியையே மாற்றுவது போன்றது.

மின்வெட்டு மற்றொரு காரணி. 2012 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் பல பகுதிகள் நீண்ட நேரம் மின்சாரம் இன்றி இருந்தன. சென்னையிலும் தினசரி மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. இயங்குதளக் கோப்புகள் மாற்றப்படும் நடுவில் மின்சாரம் நின்றால், பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கோப்புகள் நின்று கணினி தொடங்காமலே போகக்கூடும். யுபிஎஸ் இல்லாத இடங்களில் இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போட்டதற்கு இதுவும் ஒரு நியாயம்.

மாற்றுவழி தேடும் முயற்சிகளும் நடந்தன. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளிவந்தது. அக்காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனமும் லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது.

இற்றைப்படுத்தாததன் விலை

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதன் பின்னும் அது பல அலுவலகங்களிலும் ஏடிஎம் இயந்திரங்களிலும் தொடர்ந்தது. 2018 சூனில் இந்திய ரிசர்வ் வங்கி, ஆதரவு முடிந்த இயங்குதளங்களை ஏடிஎம்களிலிருந்து 2019 சூனுக்குள் படிப்படியாக நீக்க வேண்டும் என வங்கிகளுக்கு ஆணையிட்டது.

இதற்கிடையே 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் பணயநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் அவற்றுள் அடங்கும். அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதாவது திருத்தம் கிடைத்தும் இரண்டு மாதங்களாக அதை நிறுவாதவை.

இற்றைப்படுத்தியதன் விலை

மறுபக்கமும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனத்தின் நச்சுநிரல் தடுப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை நச்சுநிரல் எனத் தவறாகக் கணித்து அகற்றியது. கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆயின. 2018 சனவரியில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் சில ஏஎம்டி செயலிக் கணினிகளைத் தொடங்கவிடாமல் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் சில பயனர்களின் சொந்தக் கோப்புகளை அழித்ததால் நிறுத்திவைக்கப்பட்டது.

இவை அனைத்தையும் விஞ்சியது 2024 சூலை 19 நிகழ்வு. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கான 291 ஆம் எண் கோப்பின் இற்றைப்படுத்தல் இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியானது. அந்தப் புதிய விதிக்கு 21 உள்ளீடுகள் தேவைப்பட்டன. கணினியில் இருந்த நிரலோ 20 மட்டுமே தந்தது. இல்லாத 21 ஆவது உள்ளீட்டைப் படிக்க முயன்றபோது நினைவகப் பிழை ஏற்பட்டது. அந்த மென்பொருள் இயங்குதளத்தின் கருநிரல் மட்டத்தில் இயங்குவதால் முழுக் கணினியும் நீலத்திரையில் நின்றது.

பிழையான கோப்பு 10.57 மணிக்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடங்களில் 85 இலட்சம் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இது உலகின் விண்டோஸ் கணினிகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அவை விமான நிறுவனங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் போன்ற இடங்களில் இருந்தவை. இந்தியாவில் 10 வங்கிகள் மற்றும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குச் சிறு பாதிப்பு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

முடங்கிய கணினி இணையத்தில் சேரும் முன்பே நின்றுவிடுவதால் தொலைவிலிருந்து அதைச் சரிசெய்வது பெரும்பாலும் இயலவில்லை. ஒவ்வொரு கணினியையும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் மறையாக்கம் உள்ளவற்றுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோலும் தேவைப்பட்டது. 78 நிமிடங்களில் நேர்ந்த கேட்டைச் சீராக்கப் பல நிறுவனங்களுக்குப் பல நாட்கள் ஆயின.

சீர்செய்யும் முறைகள்

உறைந்த கணினியை உடனே அணைக்காமல் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது. கேப்ஸ்லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா எனப் பார்க்கலாம். மாறினால் இயங்குதளம் பெரும்பாலும் உயிருடன் உள்ளது. சிக்கிய நிரலை மட்டும் பணி மேலாளர் வழியாக நிறுத்தலாம். மாறாவிட்டால் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைப்பதே வழி. இற்றைப்படுத்திய பின் உறைதல் தொடங்கியது எனில், பாதுகாப்பு நிலையில் நுழைந்து கடைசியாக நிறுவிய திருத்தத்தை நீக்கலாம், அல்லது முந்தைய மீட்புப் புள்ளிக்குத் திரும்பலாம். இற்றைப்படுத்தலுக்குத் தொடர்பின்றி உறைந்தால் தூசி அடைத்த விசிறி, பழுதான ரேம், தேய்ந்த வன்தட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

வரலாறு தரும் பாடம்

2017 நிகழ்வு தள்ளிப்போட்டவர்களைத் தண்டித்தது. 2024 நிகழ்வு உடனே ஏற்றுக்கொண்டவர்களைத் தண்டித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் மாற்றம் செய்வதே ஆபத்து என்பது புலப்படும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் அதன் பின்னர் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக வெளியிடும் முறைக்கு மாறியது. நான்கு கணினிகள் கொண்ட ஒரு சிறு மையமும் இதையே செய்யலாம். முதலில் கோப்புகளுக்கு வெளித்தட்டில் ஒரு படி எடுத்துவிட்டு, ஒரு கணினியில் மட்டும் இற்றைப்படுத்தி, சில நாட்கள் பார்த்த பிறகு மற்றவற்றில் செய்யலாம். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், பழைய மேசைக்கணினி வைத்திருப்போர் பலருக்கும் இது உடனடித் தேவையாகியுள்ளது.